மஞ்சள் அட்டை வந்துவிட்டது, மூன்றில் ஒரு பங்கு நிதி இன்னும் பாக்கி

அன்பு உறவுகளே,

நேராகவே சொல்லிவிடுகிறோம். நம் புவிப் பூங்காவுக்கு மஞ்சள் அட்டை கொடுத்துவிட்டார்கள். உலக அளவில் முக்கியமான பாறையும் நிலவடிவமும் உள்ள பகுதிக்கு யுனெஸ்கோ தரும் ‘புவிப் பூங்கா’ என்ற இந்தப் பெயர் ஒருமுறை வாங்கினால் நிலைத்துவிடாது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை சோதிப்பார்கள். பச்சை என்றால் இன்னும் நான்கு ஆண்டு, மஞ்சள் என்றால் குறைகளைச் சரிசெய்ய இரண்டே ஆண்டு, அதிலும் தவறினால் சிவப்பு, பெயர் போய்விடும். நமக்கு எட்டு மாதம்தான் மிச்சம்.

2000-இல் பிரான்ஸ், கிரீஸ், ஜெர்மனி, ஸ்பெயின் நாட்டுப் பூங்காக்கள் நான்கு கைகோத்துத் தொடங்கிய புவிப் பூங்கா முயற்சியை 2015 நவம்பரில் யுனெஸ்கோ தன் திட்டமாக ஏற்றது. அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே, புதைபடிவக் கல்லை விலைபேச வந்தவர்களை நம் பெரியவர்கள் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். அலமாரியில் கிடந்த சுருள் கல்லைக்கூடத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து ஒப்படைத்தார்கள். புவிப் பூங்கா நடத்துபவர்கள் புதைபடிவ விற்பனையில் ஈடுபடக்கூடாது என்பது இன்று விதியாகவே இருக்கிறது.

கல்லைக் காக்கக் காசு எதற்கு என்று கேட்கிறவர்கள், உச்சிவெயிலில் அந்தச் சுண்ணாம்புப் பாறை இடுக்கில் கையை விட்டுப் பாருங்கள். வெளியே தகிக்கும், உள்ளே ஈரம் கசியும், விரலில் பாசி ஒட்டும், ஓரத்தில் நத்தை ஒன்று ஓட்டுக்குள் ஒடுங்கிக் கிடக்கும். வெப்பம் கூடக்கூட உயிர்கள் குளிர்ச்சி தேடி இடம் மாறியாக வேண்டும். சமவெளியில் அதற்கு நெடுந்தூரம் போகவேண்டும், ஆனால் பாறையும் சரிவும் மண்ணும் பலவிதமாக உள்ள நிலத்தில் சில அடி நகர்ந்தாலே வேறு நிழல், வேறு ஈரம். அந்த இடுக்குகள் மேல்தான் நாம் நடந்து மிதிக்கிறோம். மஞ்சள் அட்டைக்குக் காரணமும் அதுதான்.

சரி, கணக்கு இது. பாறையை மிதிக்காமல் நடக்க மரப்பாதை 400 மீட்டர் வேண்டும், முடிந்தது 260. வெப்பமும் ஈரமும் பதியும் கருவிகள் 12, வாங்கியது 7. காவலர்கள் 3 பேர், சம்பளத்துக்கு வழி இருப்பது ஒருவருக்கு மட்டும். மொத்தத் தேவையில் மூன்றில் ஒரு பங்கு வரவேண்டும்.

இறையருளால் இதுவரை கொடுத்தவர்களை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. முதல் சம்பளத்தை அப்படியே நீட்டிய தம்பி, ஓய்வூதியத்தில் மாதம் தவறாமல் அனுப்பும் அம்மா, உண்டியலை உடைத்துச் சில்லறையாகவே கொண்டுவந்து கொட்டிய பிள்ளைகள், மரப்பலகையைக் கூலி வாங்காமல் இறக்கிக் கொடுத்தவர்கள், எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

ஒப்புக்கொண்ட தொகையை இன்னும் தராதவர்களும் உண்டு. பெயரை எழுதவில்லை, அவர்களுக்கே தெரியும். அந்தப் பாறைமேல் நின்று படம் எடுத்துப் போடாதவர் நம்மில் யார்? ஒரு நாள் சம்பளம் கொடுங்கள், போதும். அதற்கும் வழியில்லை என்றால் சனிக்கிழமை காலையில் கையுறையோடு வந்துவிடுங்கள், பலகை தூக்க ஆள் வேண்டும்.

இப்படிக்கு,
புவிப் பூங்காக் குழுவினர்