ஃபார்மட் செய்வதற்கு முன் இதைப் படி

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. மற்ற கதையெல்லாம் அப்புறம், முதலில் உன் கம்ப்யூட்டர். நீ இன்னும் ஃபார்மட் செய்யவில்லைதானே? செய்யாதே. கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும் செய்யாதே. உன் அக்கா மகன் சொன்ன செக்டிஸ்க்கையும் (விண்டோஸில் இருக்கிற டிஸ்க் சோதிக்கும் கருவி) இப்போதைக்கு ஓட்ட வேண்டாம்.

படங்கள் பாதிவரை தெரிந்து கீழே சாம்பல் நிறமாகிவிடுகின்றன, சில ஃபோல்டர்களைத் திறந்தால் கோப்பு சிதைந்திருக்கிறது, படிக்க முடியவில்லை என்று வருகிறது, ஆனால் விண்டோஸ் நன்றாகவே ஓடுகிறது என்று எழுதியிருக்கிறாய். எல்லாம் டி டிரைவில்தான், அது தனி ஹார்ட் டிஸ்க். அப்படியென்றால் என் சந்தேகம் அந்த டிஸ்க் மேல்தான், இல்லாவிட்டால் அதன் கேபிள் மேல். எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் (sfc /scannow) என்ற விண்டோஸ் கட்டளையை ஓட்டினால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். அது விண்டோஸின் சொந்தக் கோப்புகளை மட்டும்தான் சரிசெய்யும், உன் அப்பாவின் தோட்டத்துப் படங்களை அது தொடக்கூட தொடாது.

செக்டிஸ்க் ஏன் வேண்டாம் என்றால், அதன் வேலை எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற டிஸ்க்கின் கணக்குவழக்கைச் சரிசெய்வது, உன் படங்களைக் காப்பாற்றுவது இல்லை. கணக்கு ஒத்துவராத துண்டுகளை ஃபவுண்ட் 000 என்ற ஃபோல்டரில் பெயரில்லாமல் போட்டுவிடும், எது எந்தப் படம் என்றே தெரியாது. அதிலும் கட்டளையோடு /r சேர்த்து ஓட்டினால் டிஸ்க் முழுவதையும் மணிக்கணக்காகப் படித்துக்கொண்டே இருக்கும். சாகக் கிடக்கிற டிஸ்க் அந்த வேலையிலேயே போய்விடலாம்.

அதனால் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ (CrystalDiskInfo) என்ற மென்பொருளை சி டிரைவில் இறக்கித் திற, இலவசம்தான். 05, சி5 என்ற இரண்டு வரிகளில் வலது கடைசியில் Raw Values என்பதன் கீழே உள்ள எண்ணைப் பார். 05 என்பது கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள், அதாவது டிஸ்க்கின் சின்னச் சின்னப் பகுதிகள், சி5 என்பது படிக்க முடியாமல் காத்திருப்பவை. பூஜ்யமாக இருந்தால் நல்லது. சி5 ஏறிக்கொண்டே போனாலோ, டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் கேட்டாலோ உடனே அணைத்துவிடு, அதற்கு மேல் டேட்டா மீட்கிறவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். சி7 என்ற வரியில் மட்டும் எண் ஏறியிருந்தால் பெரும்பாலும் கேபிள்தான், மாற்றினால் போதும்.

டிஸ்க் இன்னும் தாக்குப்பிடிக்கிறது என்று தெரிந்தால் ஒரு புது எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி முக்கியமானதை முதலில் காப்பி செய். அப்பாவின் படங்கள், பிறகு நம் தமிழ்ப்பள்ளி வகுப்புப் படம், அதற்கப்புறம்தான் மற்றவை, சினிமாப் பாட்டெல்லாம் கடைசி. ஒரு கோப்பில் சிக்கிக்கொண்டால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ. எல்லாம் வெளியே வந்த பிறகு செக்டிஸ்க்கோ ஃபார்மட்டோ எது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். ஆனால் அதற்கு முன்பே, காப்பியில் விட்டுப்போனதை ஃபோட்டோரெக் (PhotoRec) என்ற மீட்பு மென்பொருளை வைத்துத் தேடிப்பார்த்துவிடு, அதுவும் இலவசம், ஆனால் மீட்டதை அதே டிஸ்க்கில் மட்டும் எழுத விடாதே.

சாம்பல் பகுதியில் இருந்த தகவல் டிஸ்க்கிலேயே அழிந்துபோயிருந்தால் அதை எந்த மென்பொருளும் திரும்பக் கொண்டுவராது மாலதி, காசு வாங்கிக்கொண்டு எல்லாப் படத்தையும் சரிசெய்து தருவோம் என்கிறவர்களை நம்பாதே. வகுப்புப் படத்தை நீ வாட்ஸ்அப்பில் எங்களுக்கு அனுப்பியிருக்கிறாய், கொஞ்சம் தரம் குறைந்திருக்கும், ஆனாலும் முழுசாக இருக்கும். தேடி எடுத்து வைக்கிறேன். அப்பாவின் படங்களை உன் தம்பிக்கு அனுப்பியிருந்தால் அவரிடமும் கேள்.

உங்கள் செந்தூலில் சாயங்காலம் இடி இடித்தாலே கரண்ட் ட்ரிப் ஆகிறது என்று நீ முன்பே சொல்லியிருக்கிறாய். டிஸ்க்கில் எதையாவது பதிந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பு சிதைவது சகஜம். கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரை ஓட்டுகிற பேட்டரிப் பெட்டி, ஒரு யூபிஎஸ் வாங்கிவிடு. இடி ஆரம்பித்தால் பிளக்கையே பிடுங்கிவிடு, மோடத்தையும் சேர்த்து.

இங்கே எல்லாரும் நலம். பெரியவள் யூஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டாள், ஹாஸ்டலில் இருக்கிறாள், வீடு காலியாகத் தெரிகிறது. தைப்பூசத்துக்கு இங்கே தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா, படி ஏற வேண்டாம், கீழே பந்தலில் உட்கார்ந்து ரதம் பார்க்கலாம்.

05, சி5 எண்களைப் படம் பிடித்து இன்று இரவே அனுப்பு. நான் பார்த்துச் சொல்கிற வரை அந்த டிஸ்க்கில் புதிதாக எதையும் சேமிக்காதே.

அன்புடன்,
ராணி