அந்த நாய் ஏன் அதைத் தின்பதில்லை?

அன்புள்ள சித்தப்பா,

இத்தாலியில் நாயோடு ட்ரஃபிள் என்ற நிலத்தடிக் காளானைத் தேடப் போனேன் என்று நான் சொன்னதும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "அவ்வளவு ருசியான சாமான் என்றால் அந்த நாய் ஏன் அதைத் தானே தின்றுவிடுவதில்லை?" அல்சூர் வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்ததால் பதில் சொல்ல வழியில்லை. ஆபீசில் விலை எவ்வளவு என்று கேட்கிறார்கள், எந்த மாதம் போகலாம் என்று கேட்கிறார்கள். நாயைப் பற்றி யாருமே கேட்கவில்லை. தரலுவில் சிஆர்பிஎஃப் நாய்ப் பயிற்சிப் பள்ளியில் மாலினாய் ஜாதி நாய்களோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவருக்குத்தான் அது தோன்றும். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். மற்றவர்களும் படித்துக்கொள்ளட்டும்.

உண்மையில் அந்த வாசனையே யாராவது தின்ன வேண்டும் என்பதற்காகத்தான். ட்ரஃபிள் மண்ணுக்கு அடியில் மர வேரோடு ஒட்டி வாழும் ஒரு பூஞ்சை. ஓக், ஹேசல், பாப்லர், வில்லோ மாதிரி மரங்களின் வேர் நுனிகளைப் போர்த்திக்கொண்டு மரத்துக்கு நீரும் தாதுவும் எடுத்துக் கொடுக்கும், பதிலுக்கு மரத்திடம் சர்க்கரை வாங்கிக்கொள்ளும். குடைக்காளான் வெளியே தலை நீட்டி வித்துகளைக் காற்றில் விட்டுவிடும். இது வெளியே வருவதே இல்லை. அணிலோ எலியோ பன்றியோ தோண்டித் தின்று வேறோர் இடத்தில் கழித்தால்தான் வித்து பரவும். அதனால்தான் உள்ளே வித்து முற்றிய பிறகே மணக்க ஆரம்பிக்கும். முற்றாததை நாய் கண்டுகொள்வதில்லை. மண்வாரியால் கிளறித் தேடினால் பிஞ்சும் பழமும் சேர்ந்து வந்துவிடும், நாயை விட்டால் முற்றியது மட்டும் வரும்.

சரி, நாய் தின்னுமா? தின்னும். விட்டால் முழுங்கிவிடும் என்றுதான் எங்களைக் கூட்டிப்போன ட்ரஃபிள் வேட்டைக்காரரும் சொன்னார். அதனால்தான் நாய் மண்ணைக் கீறத் தொடங்கியதும் அவர் ஓட்டமாக ஓடுகிறார். ஒரு கையால் கழுத்துப் பட்டையைப் பிடித்து, மறு கையால் பையிலிருந்து பிஸ்கட் துண்டை எடுத்து நீட்டுகிறார். நாய்க்கு அந்தக் கொடுக்கல் வாங்கல் பழகியிருக்கிறது: கீழே இருப்பதை விட்டுக்கொடுத்தால் கையில் இருப்பது உடனே, நிச்சயமாகக் கிடைக்கும். உங்கள் மாலினாய்க்குப் பந்து எப்படியோ இதற்கு பிஸ்கட் அப்படி. ஒரு வித்தியாசம் உண்டு. வெடிகுண்டு நாய் கண்டுபிடித்ததும் தொடாமல், கீறாமல் உட்கார்ந்துவிட வேண்டும் என்று நீங்கள் எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள்! இங்கே கீறினால்தான் சம்பளம்.

இதற்கும் பள்ளிக்கூடம் இருக்கிறது. ஆல்பா ஊருக்குப் பக்கத்தில் ரோட்டி என்ற சின்ன கிராமத்தில் 1880-லிருந்து ஒரே குடும்பம் ட்ரஃபிள் நாய்களைப் பழக்கி வருகிறது. அதற்கு 'நாய்ப் பல்கலைக்கழகம்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். குட்டியாக இருக்கும்போதே தொடங்குகிறார்கள். முதலில் வாசமடிக்கும் பாலாடைக்கட்டித் துண்டை ஒளித்து வைத்து விளையாட்டுக் காட்டுவது, பிறகு ட்ரஃபிள் துண்டு, பிறகு அதை மண்ணில் புதைப்பது, அப்புறம் ஆழத்தைக் கூட்டுவது. உங்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

முன்பு பன்றியை வைத்துத்தான் தேடினார்கள். பெண் பன்றிக்குப் பழக்கவே வேண்டாம், வாசனைக்குத் தானே போகும். ஆண் பன்றியின் உடம்பில் சுரக்கும் ஒரு பொருள் ட்ரஃபிளிலும் இருக்கிறது, அந்த மயக்கத்தில்தான் தேடுகிறது என்று ரொம்ப நாள் ஒரு கதை ஓடியது. 1990-ல் பிரான்சில் ஆராய்ச்சிக்காரர்கள் தனித்தனி வாசனைகளை மண்ணில் புதைத்துப் பார்த்தார்கள். பன்றியும் நாயும் அந்தச் சுரப்பைத் தேடிப் போகவில்லை, டைமெத்தில் சல்ஃபைடு என்ற கந்தக வாசனையைத் தேடித்தான் போயின. மயக்கமும் இல்லை ஒன்றும் இல்லை, பசிதான். பன்றியிடம் வேறொரு சிக்கல்: மூஞ்சியால் மண்ணை உழுது பூஞ்சையின் இழைகளை எல்லாம் அறுத்துவிடும், வாயில் இருப்பதைப் பிடுங்கப் போனால் விரலுக்கும் உத்தரவாதமில்லை.

இத்தாலியில் 1985-ல் இதற்கென்று ஒரு சட்டம் வந்தது. அதைக் கேட்டால் உங்களுக்குப் பிடிக்கும். பழக்கிய நாயோடுதான் தேட வேண்டும். சின்னக் கொத்தால்தான் தோண்ட வேண்டும். அதுவும் நாய் எங்கே கீற ஆரம்பித்ததோ அந்த இடத்தில் மட்டும். எடுத்த பிறகு குழியை மூடிவிட வேண்டும். மனிதன் தன் இஷ்டத்துக்கு ஓரிடத்தைப் பார்த்துத் தோண்டக் கூடாது. பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்க வேண்டியதும் மனிதன்தான், நாய்க்கு அதெல்லாம் கிடையாது.

நாங்கள் போனது டுரினிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளி, லாங்கே குன்றுப் பகுதியில். நவம்பர் மாதம், வெள்ளை ட்ரஃபிளின் காலம். மேல் சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம், கீழே ஓடைக்கரையில் ஈரமான சுண்ணாம்பு மண்ணில் பாப்லரும் ஓக்கும். சேறு முழங்கால் வரை. நாயின் பேர் லேடி. நம்மூர் நாய்க்கு ஜிம்மி என்று வைப்பது போல அவர்களுக்கும் நாய் என்றால் இங்கிலீஷ் பேர்தான் போலிருக்கிறது. லகோட்டோ ரொமான்யோலோ என்ற சுருட்டை முடி ஜாதி. ஒரு காலத்தில் ரொமான்யா சதுப்பு நிலங்களில் சுட்ட வாத்தை நீந்திப் போய் எடுத்துவந்த நாய். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சதுப்பை வடித்து வயலாக்கியதும் வேலை போனது, ட்ரஃபிள் பக்கம் திருப்பிவிட்டார்கள். முயல் குறுக்கே ஓடினாலும் திரும்பிப் பார்க்காத குட்டிகளாகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியிருக்கிறார்கள். ராஜபாளையமோ முதோலோ இதற்கு ஆகாது, முதல் முயலோடு நம் வேட்டை முடிந்துவிடும். ஆனால் அந்தப் பக்கத்துப் பழைய வேட்டைக்காரர்கள் ஜாதி பார்ப்பதில்லையாம். கலப்பு நாயாக இருந்தாலும் மூக்கு இருந்தால் போதும் என்கிறார்கள். வெள்ளை நாய் என்றால் ராத்திரியில் கண்ணுக்குத் தெரியும் என்று ஒரு கூடுதல் மதிப்பு. இடத்தை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று இருட்டில் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

முதல் கண்டுபிடிப்பை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். லேடி எங்களைச் சட்டை செய்யாமல் முன்னால் போனாள். மூக்கு தரையில் இல்லை, முழங்கால் உயரத்தில் காற்றில். ஒரு இடத்தைத் தாண்டிப் போனவள் சட்டென்று திரும்பினாள். வலம், இடம், மறுபடி வலம். வால் வேகம் மாறியது. வாசனையை விட்டுவிட்டாள், மறுபடி பிடித்தாள். வட்டம் சின்னதாகிக்கொண்டே வந்து, ஒரு ஓக் மரத்திலிருந்து நாலு எட்டு தள்ளிக் கீற ஆரம்பித்தாள். வேட்டைக்காரர் பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு மண்டியிட்டார். கொத்தால் சுரண்டுவார், ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்வார், மறுபடி சுரண்டுவார். எங்களுக்கும் அந்த மண்ணைக் கொடுத்தார். வெறும் மண்ணே மணந்தது. கடைசியில் வந்தது எலுமிச்சை அளவுக்குக் கோணல்மாணலாக, ஒரு பக்கம் வேர் அழுத்திய தடத்தோடு.

இங்கே என் சந்தேகத்தைச் சொல்லிவிடுகிறேன். காசு கொடுத்து வந்த கூட்டத்தை வெறுங்கையோடு அனுப்ப யாருக்கும் மனசு வராது. காலையிலேயே சிலதைப் புதைத்து வைத்துவிடுகிறவர்கள் இந்தத் தொழிலில் உண்டு. முதலாவது அப்படி இல்லை என்று உறுதியாகச் சொல்வேன், மண் இறுகியிருந்தது, சல்லி வேர்கள் குறுக்கே போயிருந்தன. ஆனால் கொஞ்ச நேரம் கழித்துக் கிடைத்த ஒன்று வேறு மாதிரி. லேடி தேடவே இல்லை. பாதையை ஒட்டி நேர்கோட்டில் போய் ஒரு மரத்தடியில் நின்றாள். மண் பொலபொலவென்று இருந்தது.

அந்த ஊரில் இதைவிட மோசமான விஷயம் ஒன்று இருக்கிறது. போட்டியாளர் நாயைக் கொல்ல விஷம் வைத்த இறைச்சி உருண்டைகளைக் காட்டில் போடுகிறார்கள். அதனால் வேலை நேரத்திலும் வாய்க்கூடு மாட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2021-ல் இத்தாலியின் ட்ரஃபிள் வேட்டையை யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. விஷ உருண்டை பற்றி டூர் நோட்டீசில் ஒரு வரி கிடையாது. நான் கேட்ட பிறகுதான் அந்த மனிதர் சொன்னார், சொல்லும்போது லேடியின் காதைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் சாப்பாடு. சித்திக்கு இந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள்.

காட்டில் எடுத்தது வேட்டைக்காரருக்குத்தான் சொந்தம், வேண்டுமென்றால் நாம் விலைக்கு வாங்கலாம். வெள்ளை ட்ரஃபிள் கிலோ சில ஆயிரம் யூரோ, கோடையில் மழை பொய்த்த வருஷம் இன்னும் ஏறும். கறுப்பு வகையை ஓக் நாற்றின் வேரில் பூஞ்சையை ஏற்றித் தோப்பாக வளர்க்கிறார்கள். வெள்ளை அவ்வளவு லேசில் வளைந்து கொடுப்பதில்லை. தோட்டத்தில் வளர்த்து எடுத்துவிட்டோம் என்று பிரெஞ்சு ஆய்வாளர்கள் அறிவித்ததே 2021-ல்தான், அதுவும் விரல் விட்டு எண்ணும் அளவில். அதனால் டூர் சாப்பாட்டில் சேர்ந்தது கறுப்பு மட்டும். வெள்ளை வேண்டுமென்றால் கிராம் கணக்கு. தராசில் வைத்து எடையைக் காட்டிவிட்டு, நம் தட்டின் மேல் சீவிவிட்டு, மறுபடி எடை போட்டுக் கழிக்கிறார்கள். நம் தங்க நகைக் கடை தோற்றது.

முதலில் பச்சை மாட்டிறைச்சியைக் கத்தியால் பொடிப்பொடியாக நறுக்கி ஆலிவ் எண்ணெய் விட்டுக் கொடுத்தார்கள். ஒரு வாய் சாப்பிட்டேன், குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனாலும் இன்னொரு வாய் வேண்டியிருக்கவில்லை. அடுத்து தையரின், நூல் மாதிரி மெல்லிசான மஞ்சள் பாஸ்தா. ஒரு கிலோ மாவுக்கு 30, 40 முட்டை மஞ்சள் கரு போடுவது அங்கே சாதாரணம். வெண்ணெய் மட்டும். மிளகாய், தக்காளி, மசாலா எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. ஆனால் எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தது பொரித்த முட்டைதான். இளகின மஞ்சள் கருவின் மேல் வெள்ளை ட்ரஃபிளைப் பச்சையாகச் சீவுகிறார்கள். அடுப்பில் வைத்தால் வாசனை பறந்துவிடும், சூடான கொழுப்பின் மேல் விழுந்தால் விரியும். நம் பெருங்காயம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்: டப்பாவைத் திறந்தால் முகம் சுளிக்கும், நெய்யில் பட்டால் வீடே சாப்பிட வந்துவிடும். இரண்டிலும் கந்தகம்தான் வேலை செய்கிறது. சூடான நெய்ச் சோற்றின் மேல் சீவினால் இன்னும் பிரமாதமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. சாம்பாரில் போட்டால் பாவம்.

இன்னொன்று. இந்திராநகர் கஃபேக்களில் நானும் தம்பியும் சாப்பிடும் ட்ரஃபிள் ஃப்ரைஸ் வாசனை இதில் இல்லை. அங்கே அடிப்பது பெரும்பாலும் 2,4-டைதயாபென்டேன் என்ற ஒற்றைப் பொருளை எண்ணெயில் கலந்த நெடி. நிஜ ட்ரஃபிளில் அதுவும் இருக்கிறது, கூடவே இன்னும் பல வாசனைகள். எண்ணெய்க்குப் பழகிய மூக்குக்கு நிஜம் முதலில் மென்மையாகத்தான் தெரிகிறது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பூண்டு, தேன், ஈர மண் என்று ஒவ்வொன்றாக வருகிறது. நாய்களைக்கூட அந்த எண்ணெயில் பழக்காதே, நிஜத் துண்டில் பழக்கு என்றுதான் அனுபவசாலிகள் சொல்கிறார்கள். நீங்கள் பயிற்சிக்கு வைத்திருந்த வாசனைச் சாம்பிள்களைக் கலக்க விடாமல் தனித்தனி டப்பாவில் பூட்டி வைத்த கதை எனக்கு அங்கே ஞாபகம் வந்தது.

வாங்கி வராததற்கு சித்தி கோபித்துக்கொள்ள வேண்டாம். அது தினமும் ஈரத்தை இழந்து எடை குறைந்துகொண்டே போகும், காகிதத்தில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்தாலும் ஒரு வாரம் தாண்டினால் வாசனை போய்விடும். பூஜைக்கு வைத்த பால் உட்பட ஃப்ரிட்ஜில் உள்ள எல்லாம் ட்ரஃபிளாக மணக்கும். பதிலாக ஹேசல்நட் வாங்கி வந்திருக்கிறேன், அதுவும் லாங்கேயில் விளைவதுதான். நியூட்டெல்லா கம்பெனி பிறந்த ஊரே ஆல்பா என்று பிள்ளைகளிடம் சொன்னால் கடிதத்தில் இந்த ஒரு விஷயம்தான் அவர்களுக்கு நினைவிருக்கும்.

நீங்களும் சித்தியும் ஒரு தடவை போய் வரலாம் என்று தம்பி பேசிக்கொண்டிருக்கிறான். போவதென்றால் அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் வரை, ஆல்பாவில் ட்ரஃபிள் சந்தையும் அப்போது நடக்கும். உங்கள் முட்டிக்கு அந்தச் சரிவு கஷ்டம்தான், ஓடையோரமாகப் போகும் இடமாகப் பார்த்துக் கேட்க வேண்டும். கூட்டம் குறைவான நாளாகவும் இருந்தால் நல்லது. பத்துப் பேர் காலடி பட்ட மண்ணில் நாய் எப்படி வேலை செய்கிறது என்பதும் நீங்கள் சொல்ல வேண்டிய விஷயம்.

வாட்ஸ்அப்பில் இரண்டு வீடியோ அனுப்பியிருக்கிறேன். முதலாவது அந்த ஓக் மரம். மற்றது பாதையோரத்து மரம், அதைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள், எங்கள் கைதட்டல்தான் அதிகம் கேட்கும். லேடி மூக்கால் போகிறாளா, அந்த மனிதர் காலையில் நடந்த தடத்தில் போகிறாளா? எனக்குப் புதைத்ததாகத்தான் படுகிறது. நீங்கள் பார்த்துவிட்டு போன் பண்ணுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்