நாலரை கோடி சாட்டையைப் பின்னின கை யாரோடது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 ஜூலைல அமெரிக்காவுல நடந்த சினிமா சாமான் ஏலத்துல, இண்டியானா ஜோன்ஸ்ங்கிற ஹாலிவுட் சாகசப் படத்துல ஹீரோ ஹாரிசன் ஃபோர்ட் கையில இருந்த தோல் சாட்டை 5,25,000 டாலருக்குப் போச்சு, நம்ம காசுக்கு நாலரை கோடி. உங்க பேப்பர்லயும் அந்தச் செய்தி வந்துச்சு, நான் வெட்டி எடுத்து வச்சிருக்கேன். நல்லா விவரமாத்தான் போட்டிருந்தீங்க. 1989ல வந்த மூணாவது படத்துல பயன்படுத்தினது, லண்டன் பிரீமியர் அன்னிக்கு அப்போ இளவரசரா இருந்த சார்லஸுக்குப் பரிசா கொடுத்தாங்க, அவர்கிட்டருந்து டயானா கைக்குப் போச்சு, டயானா அதை இன்னொருத்தருக்குக் கொடுத்தாங்க, அவர் இப்ப ஏலத்துக்கு விட்டார்னு வரிசையா எழுதியிருந்தீங்க. பிடிச்சவங்க பேரு, கொடுத்தவங்க பேரு, வாங்கினவங்க பேரு எல்லாம் இருக்கு சார். பின்னினவங்க பேரு மட்டும் இல்ல. அதுக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் ஆம்பூர்க்காரன். 26 வருஷம் தோல் வேலை, முதல்ல தோல் பதப்படுத்துற டேனரில, அப்புறம் ஷூ கம்பெனில கட்டிங் செக்‌ஷன். தோலைக் கையில எடுத்து வளைச்சுப் பார்த்தாலே எந்தப் பக்கம் இழுக்கும், எங்க பிய்யும்னு சொல்லிடுவேன். டிவில தமிழ் டப்பிங்ல அந்தப் படம் போடுறப்பல்லாம் வீட்ல எல்லாரும் கதையைப் பார்ப்பாங்க, நான் சாட்டையைப் பார்ப்பேன். அதுல இருக்குற பின்னல் ஒரு இடத்துல கூட பிசகி இருக்காது.

முதல் மூணு படத்துக்கும் (1981, 1984, 1989) சாட்டை செஞ்சு கொடுத்தவர் பேரு டேவிட் மோர்கன். அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல சியாட்டில் பக்கம் கடை வச்சிருந்தவர். சும்மா பின்னித் தள்ளுற ஆளு இல்ல, சாட்டை செய்யுறதைப் பத்தி 1972லயே ஒரு புத்தகம் எழுதினவர், இன்னிக்கும் இந்தத் தொழிலுக்கு வர்றவங்க அதைத் தேடி வாங்குறாங்க. படத்துக்குப் பெரும்பாலும் 10 அடி நீளம், மேல் பின்னல் கங்காரு தோல், 12 வார். இந்த ஒரு வரியை ஏலச் செய்தில சேர்த்திருந்தா எவ்வளவு இடம் பிடிச்சிருக்கும்?

12 வார்னு எழுதிட்டேன், ஆனா அது என்ன வேலைன்னு நம்ம ஆளுங்களுக்குத் தெரியணும். நம்ம ஊர்ல சாட்டைன்னா ஒரு கம்பு, அதோட நுனியில முறுக்கின வாரோ கயிறோ, அவ்ளோதான் நினைப்போம். இது அப்படி இல்ல. கைப்பிடிக்குள்ள ஒரு இரும்புக் கம்பி இருக்கும், அதுலருந்து நீளமா ஒரு தோல் துண்டு நுனிக்குப் போகப் போக ஒல்லியா ஆகிக்கிட்டே போகும், அதுதான் நடு. அது மேல ஒரு பின்னல், அந்தப் பின்னல் மேல பட்டையா ஒரு தோலைச் சுத்தி மெழுகு நூலால இறுக்கிக் கட்டுவாங்க, அதுக்கும் மேலதான் நாம கண்ணுல பார்க்குற 12 வார் பின்னல். அப்ப கண்ணுக்குத் தெரியாத சாட்டை ஒண்ணு உள்ள இருக்கு. உள்ள பின்னினது சரியில்லைன்னா வெளிய எவ்வளவு அழகா பின்னினாலும் வீசும்போது நடுவுல மடங்கும், குத்தும், சத்தம் வராது.

அந்த 12 வாரும் தனித்தனியா வாங்கி ஒட்டினது கிடையாது. ஒரு தோலை எடுத்து, வயித்துப் பக்கம் இழுவையா இருக்குற ஓரத்தையெல்லாம் கழிச்சுட்டு, மிச்சத்தைச் சுத்திச் சுத்தி கத்தியால வெட்டிக்கிட்டே வருவாங்க, பெருவிரல் நகம்தான் அளவுகோல். முதல்ல கொஞ்சம் அகலமா வெட்டி, கையால இழுத்து இழுவையெல்லாம் எடுத்துட்டு, அப்புறம் மறுபடி சரியான அகலத்துக்கு வெட்டணும், அதுவும் ஒரே அகலம் இல்ல, கைப்பிடிகிட்ட அகலம், நுனிக்குப் போகப் போக குறுகல். பின்னல் விழுற இடத்துல மேடு தட்டாம இருக்க ஒவ்வொரு வாரோட ஓரத்தையும் சாய்வா சீவணும். பின்னும்போது வழுக்கி இறுக்கமா உட்கார கொழுப்பும் சோப்பும் சேர்த்துக் காய்ச்சின குழம்பைத் தடவிக்கிட்டே பின்னுவாங்க. 12 வார்ல ஆரம்பிச்சு சாட்டை ஒல்லியாக ஆக ரெண்டு ரெண்டா உள்ள விட்டு 10, 8, 6னு குறைச்சுக்கிட்டே போகணும், விட்ட இடம் வெளிய தெரியக் கூடாது. முடிச்சதும் பலகையை மேல வச்சு அழுத்தி உருட்டி உருட்டி வட்டமாக்குவாங்க. கடைசில ஒத்தை வார் ஒண்ணு, அதோட நுனியில நூல் குஞ்சம். வீச வீசத் தேஞ்சு போறது இந்த ரெண்டும்தான், அதை மட்டும் மாத்திக்கலாம், சாட்டை அப்படியே இருக்கும்.

கங்காரு தோல் எதுக்குன்னு என்கூட வேலை பார்த்தவங்களே கேட்டிருக்காங்க. மாட்டுத் தோலுக்குள்ள நார் ஒண்ணுக்குள்ள ஒண்ணு மேலயும் கீழயுமா பின்னிக்கிட்டு இருக்கும், அதனால மொத்தமா இருக்குறப்ப பலம், ஸ்ப்ளிட்டிங் மெஷின்ல விட்டு மெலிசாக்கினா பலம் நிறைய போயிடும். கங்காரு தோல்ல நார் பெரும்பாலும் மேல் பரப்புக்கு இணையா படுத்திருக்கு. அதனால மெலிசா இருந்தாலும் இழுத்தா தாங்கும். மெலிசான வார் இருந்தாத்தான் நெருக்கமான பின்னல் வரும்.

இதையெல்லாம் படிச்சுட்டு மட்டும் எழுதல சார். நானே ரெண்டு வருஷமா வீட்ல உட்கார்ந்து பின்னிப் பார்க்குறேன். எங்க ஊர்ல ஈஸியா கிடைக்கிற ஷூ தோலை வச்சுத்தான் ஆரம்பிச்சேன், அது குரோம் போட்டுப் பதப்படுத்தினது, ரப்பர் மாதிரி இழுத்துக்கிட்டே வந்துச்சு, பின்னல் நிக்கவே இல்ல. அப்புறம்தான் மரப்பட்டை போட்டுப் பதப்படுத்தின தோல் வேணும்னு புரிஞ்சுது. ஒரு காலத்துல எங்க பக்கத்துத் தோலே ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்தினதுதான், மெட்ராஸ் துறைமுகத்துலருந்து கப்பல் கப்பலா இங்கிலாந்துக்குப் போயிருக்கு. அந்த மாதிரி பதப்படுத்தின ஆட்டுத் தோலை அலைஞ்சு திரிஞ்சு வாங்கி 8 வார்ல ஆறடி பின்னினேன், மூணு வார் நடுவுல அறுந்து மறுபடி மறுபடி முதல்லருந்து, முடிக்க ஒன்றரை மாசம். அதுலருந்து யார் பின்னின சாட்டையைப் பார்த்தாலும் கையெடுத்துக் கும்பிடத் தோணுது.

சினிமால வர்ற சத்தமெல்லாம் அப்புறம் சேர்க்கிறதுதானே, கையில எந்தக் கயிறு இருந்தா என்னன்னு ஒரு நண்பர் கேட்டார். சத்தத்தைச் சேர்க்கலாம், சாட்டை காத்துல விரியுற விதத்தைச் சேர்க்க முடியாதுங்க. கையை வீசினதும் சாட்டைல ஒரு சுருள் உண்டாகி நுனியைப் பார்த்து ஓடுது, போகப் போக சாட்டை ஒல்லியாகி எடை குறையுறதால அந்தச் சுருள் வேகம் எடுத்துக்கிட்டே போய் நுனியில ஒலியோட வேகத்தையே தாண்டிடுது, ஒலியோட வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். நாம கேக்குற 'டப்' எதையும் அடிச்ச சத்தம் இல்ல, ஜெட் விமானம் கிளப்புற மாதிரி காத்து வெடிக்கிற சத்தம். 2002ல அரிசோனா பல்கலைக்கழகத்துல கோரியலி, மெக்மில்லன்னு ரெண்டு கணித ஆளுங்க இந்தச் சுருளைக் கணக்குப் போட்டே காட்டினாங்க. ஆக, நுனிக்குப் போகப் போகக் குறையுற அந்தக் கணக்கு பின்னுறவங்க கையிலதான் இருக்கு, எங்கயாவது சட்டுனு தடிச்சா சுருள் அங்கயே செத்துப் போகும்.

நடிக்கிறவங்களுக்கும் இது தெரிஞ்சிருக்கு. 1992 பேட்மேன் படத்துல கேட்வுமனா வந்த மிஷெல் ஃபைஃபர், சாட்டை வீசக் கத்துக் கொடுக்கிற ஆண்டனி டி லாங்கிஸ்கிட்ட மாசக்கணக்கா பழகி, கடைல நிக்கிற பொம்மைங்களோட தலையைத் தானே சாட்டையால வரிசையா வெட்டித் தள்ளினாங்க, ஒரே டேக்ல. 2008ல வந்த நாலாவது இண்டியானா ஜோன்ஸை எடுக்குறப்ப பாதுகாப்பு விதியைச் சொல்லி சாட்டையை கம்ப்யூட்டர்ல போட்டுக்கலாம்னு ஸ்டுடியோ சொல்லியிருக்கு, ஃபோர்ட் அது அபத்தம்னு சொல்லிட்டு நிஜ சாட்டையைத்தான் பிடிச்சார். அப்போ அவருக்கு வயசு 65 பக்கம்.

நம்ம பக்கத்துக்கும் ஒரு தொடர்பு இருக்கு. 1984ல வந்த ரெண்டாவது படத்தோட கதை இந்தியால நடக்குது, ஆனா இங்க அரசாங்கம் கதையைப் பார்த்துட்டு ஒத்துக்கல, அதனால இலங்கைல கண்டி பக்கம் போய் எடுத்தாங்க. அதே கண்டில பெரஹரா ஊர்வலத்துக்கு முன்னாடி சாட்டை சொடுக்கிக்கிட்டு ஒரு கூட்டம் போகும், யானை வர்றதுக்கு முன்னாடி சாட்டைச் சத்தம்தான் வரும். ஆஸ்திரேலியால இன்னும் ஒரு படி மேல, 2000ல சிட்னி ஒலிம்பிக் தொடக்கமே ஸ்டீவ் ஜெஃப்ரீஸ்னு ஒரு குதிரைக்காரர் தனியா மைதானத்துக்குள்ள வந்து சாட்டையைச் சொடுக்கினதுதான், அந்தச் சத்தம் கேட்டதும் 120 குதிரைங்க உள்ள வந்துச்சு. மாடு மேய்க்க வச்சிருந்த பொருளை உலகத்துக்கு முன்னாடி பெருமையா தூக்கிக் காட்டினாங்க.

இன்னொண்ணும் சொல்லணும். ஹாலிவுட் இருக்குற கலிஃபோர்னியாலயே கங்காரு தோல் பொருளை விக்க 1971ல தடை போட்டாங்க, நடுவுல கொஞ்ச வருஷம் தளர்த்தி, 2016லருந்து மறுபடி தடை. பெரிய பெரிய ஷூ கம்பெனிங்களும் கங்காரு தோலை விட்டுக்கிட்டு வர்றாங்க. பிராணிகளுக்காகப் பேசுறவங்க பேசுறதுல நியாயம் இருக்கு, தோல்லயே வாழ்ந்தவன் நான், அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன். நைலான் கயித்துல பின்னுற சாட்டையும் நல்லா வருது, மழைல நனைஞ்சாலும் கெடாது, புதுசா கத்துக்கிறவங்க அதுல ஆரம்பிக்கலாம். ஆனா எந்தப் பொருள்ல பின்னினாலும் உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணுன்னு அதே வேலைதான், நைலான்னு சொல்லி அந்தக் கையை மெஷினுக்கு மாத்திட முடியல. இந்தக் கைவேலை நின்னு போச்சுன்னா கங்காருவும் காரணமா இருக்காது நைலானும் காரணமா இருக்காது, கத்துக்க ஆள் வராததுதான் காரணமா இருக்கும், பேரே தெரியாத வேலைக்கு எந்தப் பையன் வருவான் சொல்லுங்க.

இப்ப உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். 1965 பொங்கலுக்கு வந்த எங்க வீட்டுப் பிள்ளைல எம்.ஜி.ஆர் நம்பியார்கிட்டருந்து சாட்டையைப் பிடுங்கின காட்சி தமிழ்நாட்டுல யாருக்குத்தான் தெரியாது, 60 வருஷம் ஆச்சு, இன்னும் போஸ்டர்ல அந்தச் சாட்டை இருக்கு. பாட்டு எழுதினவர், இசை போட்டவங்க, பாடினவர் எல்லார் பேரையும் என் பேத்தி கூட சொல்லுவா. அந்தச் சாட்டையை முடைஞ்சு கொடுத்தவர் யாரு? உங்க சினிமா பக்கத்துல இருந்து ஒரு நிருபரை வடபழனி, சாலிகிராமம் பக்கம் ப்ராபர்ட்டி வாடகைக் கடைங்களுக்கு அனுப்புங்க. வாள் அடிக்கிறவங்க, கிரீடம் செய்யுறவங்க, சாட்டை முடையறவங்க, குதிரைச் சேணம் தைக்கிறவங்கன்னு ஒவ்வொருத்தரா கேட்டு எழுதுங்க. பழைய ஆளுங்க இன்னும் கொஞ்சப் பேர் இருப்பாங்க, வாரத்துக்கு ஒருத்தர்னு போட்டாலும் போதும். படத்தோட டைட்டில்ல பேர் வராதவங்களுக்கு உங்க பேப்பர்ல வரட்டுமே. டீ கொடுத்தவர் பேரைக் கூட இப்பல்லாம் சில படத்துல போடுறாங்க, நல்ல விஷயம், அதே மனசு இவங்க மேலயும் வரணும்.

எங்க அப்பா மாட்டு வண்டி ஓட்டினவர், டேனரிகளுக்கு ஆவாரம்பட்டை மூட்டை ஏத்திக்கிட்டு வருவார். அவர் வச்சிருந்த சாட்டை அவரே முறுக்கினது. மாட்டு மேல பட்டு நான் பார்த்ததில்ல, காத்துல ஒரு சொடுக்குப் போட்டா போதும், ரெண்டு மாடும் நடையை மாத்தும். அந்தக் கம்பு இன்னும் எங்க வீட்டுப் பரண்ல இருக்கு, வாரை மட்டும் எலி கடிச்சுடுச்சு. இந்த மாசம் அதுக்குத்தான் புது வார் பின்னிக்கிட்டு இருக்கேன், 4 வார், ஆவாரம்பட்டைத் தோல்தான், இன்னும் ரெண்டு முழம் பாக்கி.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
ஆம்பூர்