பனிராணியும் உன் வாய்ப்பாடும்

அன்புள்ள வாத்தியாரே,

முட்டி வலி இப்போது தேவலையா? மாடிப்படி ஏறாதே என்றால் நீ கேட்கவா போகிறாய்.

இங்கே பேத்தி லீவுக்கு வந்திருக்கிறாள், தினம் ராத்திரி ஒரு கதை சொல்லியாக வேண்டும். ஆண்டர்சனின் 'பனிராணி' படப்புத்தகத்தை எடுத்தேன், 1844இல் டென்மார்க்கில் வந்த கதை. படிக்கப் படிக்க ஏதோ இடித்தது. முழுக் கதையைத் தேடிப் பார்த்தால், ஜெபம் வரும் இடங்களைச் சுத்தமாக எடுத்துவிட்டிருக்கிறார்கள்.

மூலத்தில், சாத்தான் செய்த கண்ணாடி உடைந்து, அதன் துகள் காய் என்ற பையனின் கண்ணிலும் நெஞ்சிலும் விழுகிறது. பனிராணியின் சறுக்குவண்டி அவனை இழுத்துக்கொண்டு பறக்கும்போது பயந்துபோய் ஜெபம் சொல்லப் பார்க்கிறான், நினைவுக்கு வருவது பெருக்கல் வாய்ப்பாடு மட்டும்தான். உன்னை நினைத்துச் சிரித்தேன். போதாக்குறைக்கு, பின்னக் கணக்கைக்கூட மனசிலேயே போடுவேன் என்று ராணியிடம் பீற்றல் வேறு! அவனைத் தேடிப் போகும் அவன் தோழி கெர்டாவுக்கு ஜெபம் மறக்கவில்லை. பனித்துகள் படை எதிரே வரும்போது அவள் அதைச் சொல்ல, குளிரில் வாயிலிருந்து வரும் மூச்சுப் புகை திரண்டு திரண்டு, ஈட்டியும் கேடயமும் பிடித்த தேவதூதர்களாகிவிடுகிறது. மிஷன் பள்ளியில் 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' என்று ஒரு கண்ணைத் திறந்துகொண்டே ஒப்பித்தோமே, அதற்குள் இப்படியொரு படை இருக்கும் என்று யார் கண்டது.

ஆனால் காயின் நெஞ்சுப் பனியை உருக்குவது ஜெபம் இல்லை, அவள் கண்ணீர். அவள் பாடும் பாட்டைக் கேட்டு அவனும் அழ, கண்ணில் கிடந்த துகள் அதோடு வந்துவிடுகிறது. அவன் மண்டையை உடைத்துக்கொண்டும் பனித்துண்டுகளால் அடுக்க முடியாத 'நித்தியம்' என்ற சொல், இவர்கள் சந்தோஷத்தைப் பார்த்துத் துண்டுகளே ஆடிக் களைத்துப் படுக்கும்போது தானாகக் கூடிவிடுகிறது. கணக்குக்கு வராத அந்த இடத்தில்தான் எனக்குச் சாமி தெரிகிறது, நீ சண்டைக்கு வந்தாலும் சரி.

அதே ஆண்டர்சன் கடல்கன்னி கதை முடிவில், பிள்ளைகள் சேட்டை செய்தால் அவள் சிந்தும் ஒவ்வொரு சொட்டுக் கண்ணீருக்கும் ஒரு நாள் தண்டனை கூடும் என்று மிரட்டுகிறார். அதை வெட்டுவதாக இருந்தால் கத்தரியை நானே கொடுத்திருப்பேன்.

நேற்று பேத்திக்கு விட்டுப்போன பகுதியைச் சொன்னேன். காலையில் பார்த்தால் ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்து, ஃப்ரீசருக்கு முன்னால் வாயைக் குவித்து ஊதிக்கொண்டிருக்கிறாள். கரண்ட் பில்லை உனக்கு அனுப்புகிறேன்.

உன்,
பழைய கடைசி பெஞ்சு