அந்த சாஃப்ட்னரை வாங்கிவிடாதே

பாஸ்கர்,

எப்படி இருக்கிறாய்? அம்மாவின் முழங்கால் தேவலையா? தைக்கு எழுதுகிறேன் என்று சொன்னவன் ஆடி வந்தும் எழுதவில்லை, தப்பு என்னுடையதுதான், எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். சரோஜா சித்தியிடம் மட்டும் சொல்லாதே, அவள் இன்னும் திருத்தணி விஷயத்தையே விட்டபாடில்லை. சின்னவள் கல்லூரிக்குப் போய்விட்டாள், வீடு அமைதியாக இருக்கிறது, மற்றபடி எல்லோரும் சுகம்.

நேற்று நீ அனுப்பிய கொட்டேஷனைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. 64 வீட்டுக்கும் சேர்த்து, கடினத் தண்ணீரை உப்பு போட்டு மென்மையாக்கும் ஒரு பெரிய சாஃப்ட்னர், தினம் ஒரு 25 கிலோ உப்பு மூட்டை. அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர் ஆன மூன்றாவது மாதமே கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டாய், ஹாஸ்டல் மெஸ் செயலாளராக இருந்தபோதும் இதே வேகம்தான்! கொஞ்சம் பொறு. கணக்குப் போட்டுப் பார்த்தாயா? வருஷத்துக்கு ஒன்பது டன்னுக்கு மேல் உப்பு. அது எங்கே போகும் என்று அந்தக் கம்பெனிக்காரன் ஒரு வரிகூட எழுதவில்லை.

நான் ஏன் இப்படிப் பதறுகிறேன் என்றால், இந்த ஊரே அதில் அடிபட்ட ஊர். 2005-ல் இங்கே கலிஃபோர்னியாவில், வேலன்சியாவில் வீடு வாங்கியபோது கராஜில் ஒரு சாஃப்ட்னர் ஏற்கெனவே இருந்தது. மாதம் ஒரு மூட்டை, 18 கிலோ, நானே தோளில் தூக்கி வந்து கொட்டுவேன். ராத்திரி இரண்டு மணிக்கு அது தானாக ஓடி, உப்புக் கரைசலை உள்ளே இழுத்து, தான் பிடித்து வைத்திருந்த கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கழுவிச் சாக்கடைக்கு அனுப்பும், அந்தச் சத்தத்தைப் பாதித் தூக்கத்தில் கேட்டிருக்கிறேன். போட்ட உப்பில் இருக்கும் குளோரைடு அத்தனையும் அந்தச் சாக்கடையோடு போகிறது என்று ஒருநாளும் நான் நினைத்துப் பார்த்ததில்லை.

இங்கே வேலன்சியா, சாகஸ் என்று இரண்டு கழிவுநீர் நிலையங்கள், சுத்தம் செய்த தண்ணீரைச் சாண்டா கிளாரா ஆற்றில் விடுகிறார்கள். சுத்தம் என்றால் கிருமியும் அழுக்கும்தான் போகும், பாஸ்கர். கரைந்த உப்பைப் பாக்டீரியா தின்னாது, வடிகட்டி பிடிக்காது, வந்தது வந்தபடி வெளியே போகும். ஆறு அப்படியே கீழே வென்ச்சுரா மாவட்டத்துக்குள் நுழைகிறது, பிரு, ஃபில்மோர் பக்கம் எல்லாம் அவகாடோ, ஸ்ட்ராபெர்ரி. ஒருமுறை ஃபில்மோர் அருகே ஒரு தோட்டத்தில் ஓர் அவகாடோ இலையைப் பறித்து என் கையில் கொடுத்தார்கள். நடுவில் நல்ல பச்சை, நுனியும் ஓரமும் மட்டும் நெருப்பில் காட்டிய காகிதம் மாதிரி பழுப்பாகக் கருகிச் சுருண்டிருந்தது. வேர் இழுத்த தண்ணீர் இலை வழியாக ஆவியாகிவிடும், குளோரைடு நுனியில் தங்கிவிடும், அவ்வளவுதான் விஷயம். அந்த இலையைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன், ரொம்ப நாள் மேஜை மேலேயே கிடந்தது.

இந்தப் பயிர்களுக்காகத்தான் ஆற்றில் விடும் தண்ணீரில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் குளோரைடுக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். 2003-ல் புதிதாகத் தானியங்கி சாஃப்ட்னர் வைக்கத் தடை. அது போதவில்லை. 2008 நவம்பரில் இருப்பதையும் கழற்ற வேண்டும் என்று மக்களிடம் ஓட்டுக்கே விட்டார்கள். எனக்கு அப்போது ஓட்டு இல்லை, ஆனால் தெரு முழுக்க அதே பேச்சு, காசு கொடுத்து வாங்கியதைக் கழற்று என்று சொல்ல அரசாங்கம் யார் என்று பக்கத்து வீட்டுக்காரர் கொதித்தார். ஆனாலும் அந்தத் தீர்மானம் ஜெயித்தது. கழற்றியவர்களுக்குக் கொஞ்சம் பணமும் திருப்பிக் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பெட்டிகள் போயின, என்னுடையதும் போனது, கழிவுநீரில் உப்பு நன்றாகவே குறைந்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. எங்கள் குடிநீரில் கிணற்றுத் தண்ணீர் போக மீதி வடக்கே ஆறுகள் கடலோடு சேரும் டெல்டாவிலிருந்து கால்வாயில் காஸ்டெயிக் ஏரிக்கு வருவது. வறட்சி வந்தால் டெல்டாவில் நன்னீர் குறையும், கடல் உள்ளே ஏறும், குழாயில் வரும் தண்ணீரிலேயே உப்பு கூடிவிடும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் சாக்கடை எங்கே போகிறது என்பதையும் தனித்தனியாகத் திட்டம் போட முடியாது என்று எனக்கு உறைத்தது அப்போதுதான். கடைசியில் கழிவுநீர் நிலையத்தில் ஆர்.ஓ., அதாவது சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும் ஆலை, கட்டித்தான் ஆக வேண்டியிருந்தது. குளோரின் போட்டுக் கிருமி கொல்வதே உப்பைக் கூட்டுகிறது என்று அதற்குப் பதிலாகப் புற ஊதா விளக்கு. ஆர்.ஓ. ஒதுக்கும் கடும் உப்புத் தண்ணீரை என்ன செய்வது? ஆழ்குழாய் போட்டுப் பூமிக்குள் இறக்குகிறோம் என்றார்கள், ஜனங்கள் எதிர்த்ததில் அதைக் கைவிட்டார்கள். செலவெல்லாம் எங்கள் சாக்கடைக் கட்டணத்தில் ஏறியது.

இப்போது சென்னைக்கு, உன் முகப்பேருக்கு வருகிறேன். கோயம்பேட்டில் 2019-ல் திறந்த ஆலை நினைவிருக்கிறதா? ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த அதே வருஷம். கழிவுநீரை ஆர்.ஓ. வரை சுத்தம் செய்து, தினம் 4.5 கோடி லிட்டர் வரை ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறார்கள், அந்த அளவுக்கு ஏரித் தண்ணீர் குடிக்க மிச்சம். அது எவ்வளவு பெரிய காரியம், பாஸ்கர்! உன் மாதிரி ஒவ்வொரு அடுக்குமாடியும் ஒன்பது டன் உப்பைச் சாக்கடையில் கொட்டினால் உப்பு ஏற ஏற அங்கே கரண்ட் கூடும், ஆர்.ஓ. ஒதுக்கும் தண்ணீர் கூடும், கிடைக்கிற நல்ல தண்ணீர் குறையும். சுத்திகரிக்காமல் கூவத்தில் கலப்பதும் பூமிக்குள் இறங்கி யாரோ ஒருவருடைய போர்வெல்லில் வந்து நிற்கும்.

பாத்திரத்தில் வெள்ளை படிகிறது, கீஸர் காயில் வருஷா வருஷம் போகிறது, தலைமுடி முரடாகிறது, எல்லாம் நிஜம். அதற்காக 64 வீட்டின் கழிப்பறைத் தண்ணீரையும் ஏன் மென்மையாக்க வேண்டும்? கீஸருக்கும் வாஷிங் மெஷினுக்கும் போகும் குழாய்க்கு மட்டும் சின்னதாக வை. டைமர் வைத்தது வேண்டாம், ஓடிய தண்ணீரை அளந்து தேவைக்கு மட்டும் உப்பு இழுப்பதாகக் கேள். இங்கே தொட்டியையே வண்டியில் எடுத்துப்போய் வெளியில் புதுப்பித்துக் கொண்டுவந்து மாட்டுகிறார்கள், அங்கே யாராவது செய்கிறார்களா என்று விசாரி. அதற்கெல்லாம் முன்னால், 2003 சட்டத்துக்காகக் கட்டிய மழைநீர்க் குழியில் சேறு எவ்வளவு நிற்கிறது என்று ஒரு எட்டு இறங்கிப் பார். போன தடவை நான் வந்தபோது அதன் மேல்தான் மணியின் பைக் நின்றது.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமைதானே? அதற்குள் போர்வெல் தண்ணீர், மெட்ரோ தண்ணீர், சம்ப்பில் இரண்டும் கலந்தது, மூன்றையும் தனித்தனியாக டெஸ்ட்டுக்குக் கொடு. டி.டி.எஸ்., அதாவது கரைந்த பொருள்களின் மொத்த அளவு, மட்டும் பார்த்துவிட்டு வராதே, கடினத்தன்மையும் குளோரைடும் கேட்டு வாங்கு. ரிப்போர்ட்டை எனக்கு அனுப்பு, எந்த நேரமானாலும் கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
முரளி