அது ஓர் எக்ஸ்ரே அளவு அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நுரையீரல் தமனியில் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்க்கும் சி.டி. ஆஞ்சியோவைப் பற்றி வாசகி ஒருவர் கேட்ட கேள்விக்கு, அதில் படும் கதிர்வீச்சு ஓர் எக்ஸ்ரே அளவுதான், ரத்தக்குழாய் படத்தில் தெரிவதற்காக ஊசிவழி ஏற்றும் டை தண்ணீர் குடித்தால் போய்விடும் என்று கடந்த ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் பதில் வந்திருந்தது. எக்ஸ்ரே, சி.டி. அறைகளில் 29 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எனக்கு, அன்று காலைக் காபி இறங்கவில்லை.

சென்ற ஆண்டு, முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்த பத்தாம் நாள் மூச்சுத் திணறிய என் மனைவியை ஒரு தனியார் ஸ்கேன் மையத்துக்கு அழைத்துச் சென்றேன். அவள் எடை 46 கிலோ, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 1.5, அதாவது சற்று அதிகம். கண்ணாடிக்கு இப்பால் நின்றபடி திரையைப் பார்த்தேன்: எக்ஸ்ரே குழாயின் மின்னழுத்தம் 120 கிலோவோல்ட். குண்டோ ஒல்லியோ, எல்லோருக்கும் அதே அமைப்பு! மெலிந்த உடம்புக்கு 80 அல்லது 100 வைத்தால் கதிர்வீச்சு குறைவதோடு, கதிரின் ஆற்றல், டையில் உள்ள அயோடின் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும் 33 கிலோஎலக்ட்ரான்வோல்ட் எல்லையை நெருங்குவதால் தமனி மேலும் பளிச்சென்று தெரியும். ஆகவே டையும் குறைவாகவே போதும். படத்தில் கூடும் புள்ளிகளை இன்றைய மென்பொருள் பெருமளவு சரிசெய்துவிடும். கைச் சிரையில் தேங்கும் டையையும் வீணாக்காமல், பின்னாலேயே சலைன் செலுத்தி நெஞ்சுக்குத் தள்ளலாம். இவையெல்லாம் தாங்கள் அறியாதவை அல்ல.

அடுத்ததாக, இயந்திரத்தின் பதிவுக் குரல் இந்தியில் ஏதோ சொல்ல, அவள் புரியாமல் விழித்தாள். டெக்னீஷியன் தம்பி மைக்கில், "நல்லா இழுத்துப் புடிங்கம்மா" என்று கத்தினார். அவளும் உயிரைக் கொடுத்து இழுத்தாள். அப்படி ஆழமாக இழுத்தால் வயிற்றுப் பக்கத்திலிருந்து டை கலவாத ரத்தம் இதயத்துக்குள் பாய்ந்து, சரியாக அந்த நொடியில் டையை நீர்க்கச் செய்துவிடும். படம் மங்கியது, மறுபடியும் ஸ்கேன், மறுபடியும் டை. மொத்தம் 150 மில்லி. ஸ்கேனில் இயந்திரம் தந்த மொத்தக் கதிர்வீச்சைக் காட்டும் டி.எல்.பி. என்ற எண், இரண்டு ஸ்கேனுக்கும் சேர்த்துத் திரையில் 840 என்று இருந்தது, மார்புக்குரிய 0.014 என்ற எண்ணால் பெருக்கினால் உடம்பு பெற்றது ஏறத்தாழ 12 மில்லிசீவெர்ட் கதிர்வீச்சு. இயற்கையிலிருந்து ஒரு மனிதர் ஆண்டுக்குப் பெறுவது உலகச் சராசரியில் 2.4. தங்கள் கணக்கில் இது ஓர் எக்ஸ்ரே. என் கணக்கில் குறைந்தது நூறு மார்பு எக்ஸ்ரே. தண்ணீரைப் பொறுத்தவரை, டையை வெளியேற்ற வேண்டியது ஏற்கெனவே தளர்ந்துபோன அந்தச் சிறுநீரகம்தானே?

பதிவுக் குரல் தமிழில் இருக்க வேண்டும் என்று மூன்று ஆண்டுகளுக்கு முன்பே தங்களுக்கு எழுதினேன், வெளிவரவில்லை. சந்தேகம் குறைவாக உள்ளவர்களுக்கு முதலில் ரத்தக்கட்டியின் அறிகுறியைத் தேடும் டி-டைமர் ரத்தப் பரிசோதனை செய்து, இயல்பாக இருந்தால் ஸ்கேனைத் தவிர்க்கலாம் என்று இன்னொரு கடிதமும் எழுதினேன். அதுவும் வெளிவரவில்லை. 'முழு உடல் ஸ்கேன்' சலுகை விளம்பரத்துக்கு மட்டும் வாரம் தவறாமல் கால் பக்கம் கிடைத்துவிடுகிறது.

ஸ்கேன் வேண்டாம் என்று எழுதச் சொல்லவில்லை. என் மனைவிக்குக் கட்டி இருந்தது, கண்டுபிடித்தார்கள், இன்று கோயிலுக்கு நடந்து போய் வருகிறாள். நோயாளி தன் எடையையும் கிரியாட்டினினையும் டெக்னீஷியனிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், அறிக்கையில் டி.எல்.பி. எண்ணைக் குறித்துத் தரும்படி கேட்க வேண்டும் என்ற இரண்டு வரித் திருத்தம் போதும். இடம் இல்லையென்றால் அந்தக் கால் பக்க விளம்பரத்துக்குக் கீழே பொடி எழுத்தில் போட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரேடியோகிராஃபர்,
திருச்சி.