தம்பிக்கு, ஜீப் விஷயமாக

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி முன்பைப் போலத்தான் இருக்கிறது. சம்பா நடவு முடிந்துவிட்டது, மழை விட்டு விட்டுப் பெய்கிறது, பள்ளத்து வயலில் தண்ணீர் வடிய மாட்டேன் என்கிறது. அதெல்லாம் இருக்கட்டும். ஜீப்பை நாலு இன்ச் உயரமாகத் தூக்கி நிறுத்துகிற லிஃப்ட் கிட் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று அத்தை மகன் சொன்னான். நீ சொல்லவில்லை, அவன் சொன்னான். ஆயுத பூஜைக்கு அப்புறம் உன் குரலையே நாங்கள் கேட்கவில்லை. போனில் இவ்வளவும் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். நீளமாக இருக்கிறதே என்று பாதியில் விட்டுவிடாதே.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நாலு இன்ச் வேண்டாம். தூக்கியே ஆக வேண்டும் என்றால் இரண்டு இன்ச், அதற்கு மேல் போகாதே. அதையும் உடனே செய்ய வேண்டாம். அந்த வண்டி இப்போது தன் சொந்த உயரத்திலேயே நிற்கவில்லை, அதை முதலில் பார். நெல் மூட்டையும் உர மூட்டையும் ஏற்றி ஏற்றிப் பின்பக்கம் வண்டியைத் தாங்குகிற வில் பிளேட்டெல்லாம் படுத்துவிட்டது. படுத்துப்போன வண்டியைப் பார்த்துவிட்டு இது உயரம் போதாது என்று முடிவு செய்தால் கணக்கே தப்பாகிவிடும். சமமான சிமெண்ட் தரையில், உள்ளே ஒரு சாமான் இல்லாமல் நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் ஹப்பின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அள. வலதுக்கும் இடதுக்கும் வித்தியாசம் தெரியும். பழைய பிளேட் செட் ஒன்றிரண்டு இன்ச் இறங்கியிருப்பது சாதாரணம். கம்பெனி அளவிலேயே புது பிளேட் செட் போட்டால் அந்த உயரம் அப்படியே திரும்பி வரும், வேறு எதையும் தொட வேண்டியதில்லை.

பட்டறையில் "பழைய பிளேட்டையே வளைத்துத் தருகிறேன், பாதி காசு" என்பார்கள். கேட்காதே. களைத்துப்போன இரும்பை அடித்து வளைத்தால் கொஞ்ச நாள் நிற்கும், அப்புறம் மறுபடி படுத்துவிடும். ஒரு பிளேட் மட்டும் கூடுதலாகச் சொருகினாலும் உயரும்தான், ஆனால் பாரம் இல்லாதபோது வண்டி கல்லாகக் குதிக்கும், பின்சீட்டில் உட்காருபவர்களுக்கு முதுகு போய்விடும்.

பிளேட்டைக் கழற்றினால் உடனே திரும்பப் பூட்டாமல் கொஞ்ச நேரம் செலவழித்துப் பார். ஒரு பிளேட்டின் முனை அடுத்த பிளேட்டில் உரசி உரசிச் சின்னப் பள்ளம் போட்டிருக்கும், நகத்தை வைத்து இழுத்தால் தட்டும். விரிசல் ஆரம்பிப்பது பெரும்பாலும் அந்த மாதிரி இடத்தில்தான், இல்லாவிட்டால் பிளேட்டுகளைச் சேர்த்துப் பிடிக்கிற சென்டர் போல்ட் ஓட்டையைச் சுற்றி. கண்ணுக்குத் தெரியாது. டீசலைத் தடவி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு மேலே சாக்பீஸைத் தேய். விரிசல் இருந்தால் உள்ளே போன டீசல் வெளியே கசிந்து வெள்ளையில் ஒரு ஈரக் கோடு வரும், மயிரிழை மாதிரி. எல்லாவற்றிலும் நீளமான மெயின் பிளேட்டில் அப்படி ஒரு கோட்டைப் பார்த்தால் அன்றோடு அந்த செட்டைக் கழித்துவிடு.

உனக்கு கஜா புயல் ஞாபகம் இருக்கும். 2018 நவம்பர், புயல் அடித்த மறுநாள் அக்காவைத் திருத்துறைப்பூண்டியிலிருந்து நீதான் கூட்டி வந்தாய். ரோடெல்லாம் தென்னை மரம். பெரியவர்களே கிளம்பப் பயந்த நேரத்தில் நீ அரிவாளையும் கயிற்றையும் எடுத்து வண்டியில் போட்டுக்கொண்டு புறப்பட்டாய். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை உன்னிடம் நான் சொன்னதில்லை. அந்தக் கோட்டூர்ப் பக்கம் ஒரு மரத்தின் மேல் ஏறி வண்டி உட்கார்ந்துவிட்டதே, எது தட்டியது? பாடி தட்டவில்லை. சேசிஸ் தட்டவில்லை. பின் ஆக்சிலின் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிஃப்ரன்ஷியல் ஹவுசிங் மரத்தில் உட்கார்ந்துகொண்டது, சக்கரம் இரண்டும் சும்மா சுற்றியது. லிஃப்ட் கிட் போட்டிருந்தாலும் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும். கிட் தூக்குவது ஆக்சிலுக்கு மேலே இருப்பதை மட்டும்தான், ஆக்சில் அதே உயரத்தில்தான் கிடக்கும். ஆக்சில் உயர வேண்டுமென்றால் டயர்தான் பெரிதாக வேண்டும், அதுவும் டயர் விட்டம் இரண்டு இன்ச் கூடினால் ஹவுசிங் உயர்வது ஒரே ஒரு இன்ச். பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் இருக்கத்தான் லிஃப்ட். எந்த டயர் என்று முடிவு செய்யாமல் கிட் வாங்குவது தலைகீழ் வேலை. பெரிய டயர் போட்டால் அந்தப் பழைய டீசல் என்ஜின் இழுக்கத் திணறும், டிரம் பிரேக் நிற்க நேரம் எடுக்கும், மீட்டர் காட்டும் வேகத்தை விட வண்டி அதிகமாக ஓடும், இதையும் சேர்த்து யோசி. நம்மூர்க் களிமண் சேற்றில் இந்த ஒல்லி 6.00-16 டயர் சேற்றை வெட்டிக்கொண்டு அடியில் இருக்கும் கெட்டி மண்ணைப் பிடித்ததை நீயே எத்தனையோ முறை பார்த்திருக்கிறாய்.

போன வாரம் ஒரு நாள் காலை பதினோரு மணிக்குக் கூப்பிட்டேன். மருமகள் எடுத்தாள். "தூங்குறாங்க மாமா" என்றாள். வேலை நாள்தான். ஷிஃப்ட் மாற்றியிருப்பார்கள் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவளும் சரி என்றாள், அவள் நம்பினாளா என்று தெரியவில்லை.

சரி, நாலு இன்ச் ஏன் வேண்டாம் என்று சொல்கிறேன். நம்முடையது மஹிந்திரா எம்.எம். 540, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 91 இன்ச்தான். என்ஜின் சுழற்சியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற ஷாஃப்ட் நீளம் கம்மி. வண்டியை நாலு இன்ச் தூக்கினால் அந்த ஷாஃப்ட் ரொம்பச் சாய்ந்துவிடும், அதன் முனையில் இருக்கும் கிராஸ் ஜாயிண்ட் அந்தக் கோணத்தில் சுற்ற முடியாமல் அதிரும், சீக்கிரம் உடையும். சக்கரம் முழுக்கத் தொங்கும்போது, ஷாஃப்ட் நீண்டு சுருங்குகிற ஸ்பிலைன் இணைப்பு கழன்று வருகிற அளவுக்கு இழுபடும். பிரேக் ஹோஸ் அதே மாதிரி, நீளம் போதாமல் விறைத்துக்கொண்டு நிற்கும், ஒரு குழியில் சக்கரம் இறங்கினால் அறுந்துவிடும். ஸ்டீயரிங் ராடு சாய்ந்துவிட்டால் மேடு பள்ளத்தில் நீ திருப்பாமலேயே வண்டி திரும்பும். இத்தனையையும் ஒவ்வொன்றாகச் சரி செய்துகொண்டே போனால் கிட் விலையை விட மேல்செலவு அதிகமாகும். இரண்டு இன்ச் என்றால் சரியான நீளத்தில் ஷாக் அப்சார்பர், கொஞ்சம் நீளமான பிரேக் ஹோஸ், ஆக்சில் மேலே இடிக்காமல் தடுக்கிற பம்ப் ஸ்டாப், பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். ஷாஃப்ட் அதிர்ந்தால் பிளேட்டுக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் ஆப்பு வைத்துக் கோணத்தைச் சரி செய்யலாம், இரும்பு ஆப்பாக வாங்கு, அலுமினியம் நசுங்கிவிடும்.

பிளேட் முனையைச் சேசிஸோடு பிணைக்கிற ஷாக்கிளை மட்டும் நீளமாக மாற்றினால் போதும், மலிவு என்று யாராவது சொல்வார்கள். ஷாக்கிளில் இரண்டு இன்ச் கூட்டினால் வண்டி உயர்வது ஒரு இன்ச்தான், முன்பக்கம் சக்கரம் திரும்புகிற அச்சின் சாய்வு, அதாவது காஸ்டர் கோணம், கெட்டு ஸ்டீயரிங் அலையும். முன் ஆக்சிலில் கட்டை வைத்துத் தூக்குவதை நினைத்தே பார்க்காதே, பிரேக் பிடிக்கும்போது வருகிற முறுக்கில் கட்டை நகர்ந்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். பிளேட்டை ஆக்சிலுக்கு மேலே மாற்றிப் போடுவது பெரிய வேலை, வெல்டிங் வேலை, அஞ்சு இன்ச்சுக்கு மேல் தூக்கிவிடும், அது நமக்கு இல்லை.

வால்பாறை ரோட்டில் நீ எடுத்த படத்தையும் அத்தை மகன் காட்டினான். நாற்பது கொண்டை ஊசி வளைவு அந்த ரோட்டில். நம் வண்டி அகலம் கம்மி, தூக்கினால் பாரமெல்லாம் மேலே போய்விடும், அளவுக்கு மேல் அடுக்கிய வைக்கோல் வண்டி வாய்க்கால் திருப்பத்தில் சாய்கிற மாதிரிதான். பாப்பா பக்கவாட்டு சீட்டில் உட்கார்ந்திருந்தாள், பெல்ட் இல்லை, படுதாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. கிட்டுக்கு முன்னால் பின்பக்கம் முன்னோக்கிப் பார்க்கிற சீட்டும் பெல்ட்டும் போடு. இதை மட்டும் தள்ளிப் போடாதே.

அந்தப் படத்தில் இரண்டு பேர் தெரியாத முகம். உன் சிநேகிதர்களாக இருக்கலாம். வெள்ளை போர்டு வண்டியில் காசு வாங்கி ஆள் ஏற்றக் கூடாது, அதற்கு மஞ்சள் போர்டும் பர்மிட்டும் வேண்டும், இது உனக்குத் தெரியாததில்லை. அப்படி ஏதாவது எண்ணம் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. இருந்தால் சொல், முறையாகச் செய்யலாம், நான் கூட நிற்கிறேன்.

ஆர்சி இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது. பதினைந்து வருடம் தாண்டிய வண்டி, அஞ்சு வருடத்துக்கு ஒரு தடவை இன்ஸ்பெக்டரிடம் காட்டிப் புதுப்பிக்க வேண்டும், அடுத்த தடவை அடுத்த வருடம் வருகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிவிட்டது. அதே வருடம் சட்டத்தைத் திருத்தி ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் என்றும் வைத்தார்கள், ஜெயிலும் உண்டு. இரண்டு இன்ச் என்றால் கண்ணை மூடிக்கொள்வார்கள் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரன் முதலில் பார்ப்பது அதைத்தான். அதனால்தான் கம்பெனி அளவு பிளேட்டையே முதலில் போடு என்கிறேன். அதைப் போட்டு ஒரு மழைக்காலம் ஓட்டிப் பார். அப்புறமும் போதவில்லை என்றால் ஆர்டிஓ ஆபீசில் எழுத்தில் கேட்டுவிட்டு இரண்டு இன்ச் போடு. மறுபடி மறுபடி சொல்கிறேன் என்று கோபப்படாதே.

குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டாயிற்று. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் வருவதற்கு ரோட்டில் நாலு நாள் காய வைத்தோம், ஒரு வழியாக எடுத்துக்கொண்டார்கள். பணம் கணக்கில் ஏறிவிட்டது. இந்த வருடம் எனக்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. பிளேட் செட்டும் ஷாக்கும் என் செலவு, வண்டி என் பெயரில் இருக்கிறது, நான்தான் செய்ய வேண்டும். பாப்பாவுக்கு ஸ்கூல் ஃபீஸ் இரண்டாம் தவணை வருகிறது என்று அம்மா காதில் விழுந்ததாம், அதையும் சேர்த்தே அனுப்புகிறேன். வாடகை எப்போதும் போலக் கொடுத்துக்கொண்டு இருக்கிறாய் அல்லவா? திருப்பித் தருகிறேன் என்று சொல்லாதே. உனக்கு அங்கே வேலை எப்படிப் போகிறது என்று நான் கேட்டால் நன்றாகப் போகிறது என்றுதான் சொல்வாய், அதனால் கேட்கவில்லை. எப்படிப் போனாலும் சரி, இங்கே நீ யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கும்தான்.

தீபாவளிக்கு வருவாய் என்று அம்மா முறுக்கு மாவு கூடுதலாக அரைத்தாள். வராததற்குக் காரணம் இருக்கும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

வேலையை அங்கே செய்யாமல் இங்கே கொண்டுவந்து செய்யலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. தஞ்சாவூரில் லாரிக்கு பிளேட் போடுகிற பட்டறை ஒன்று எனக்குப் பழக்கம், கையோடு நின்று பார்க்கலாம். நாலைந்து நாள் ஆகும், இருந்துவிட்டுப் போகலாம். மருமகளும் பாப்பாவும் பஸ்ஸிலோ ரயிலிலோ வரட்டும், அந்தப் பிளேட்டோடு அவர்களை ஏற்றிக்கொண்டு அவ்வளவு தூரம் வராதே. முடியாது, அங்கேதான் செய்வேன் என்றால் இதை மட்டும் பட்டறையில் சொல்லிவிடு. பிளேட்டை ஆக்சிலோடு கட்டுகிற யூ போல்ட் பழசைத் திரும்பப் போடக் கூடாது, நாலு ஜோடியும் புதுசு. ரப்பர் புஷ் போட்டால் ஷாக்கிள் போல்ட்டை ஜாக்கியில் தொங்கும்போது முறுக்கக் கூடாது, சக்கரம் தரையில் நின்று வண்டி பாரம் இறங்கிய பிறகுதான் கடைசி முறுக்கு. சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி முறுக்க வேண்டும், புது பிளேட் படியும்போது தளர்ந்திருக்கும்.

நாலு சக்கரத்தின் அளவையும் எழுதி அனுப்பு. எந்த நேரமானாலும் பரவாயில்லை, போன் செய். அம்மா எடுத்தால் முதலில் அவளோடு பேசு.

அன்புடன்,
அப்பா